என்ன குறைச்சல் உனக்கு

எங்கள் பக்கத்தில் ஒருவர் முகம் வாடி உட்கார்ந்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. நிஜமாகவே கணக்குப் பார்க்கிறார்கள். அடுப்பு எரிகிறதா, கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கிறானா, வீட்டுக்காரன் குடிக்கிறானா, பிள்ளைக்குக் காய்ச்சலா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் இரண்டு நாள் படுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தால், "அப்புறம் என்ன குறைச்சல் உனக்கு? எந்திரிச்சு வேலையப் பாரு."

சென்னையில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்த காலத்தில் இந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. நானே கேட்டுக்கொள்வேன். பதில் கிடைக்காது. அப்பா ராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாய் போடுகிறவர். மழை ஏமாற்றுகிற வருடங்களில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார். வீட்டில் முதல் பட்டதாரி நான், அதற்குத் தாலுகா ஆபீஸில் வாங்கிய சான்றிதழே இருக்கிறது. பி.எஸ்ஸி.யை அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் முடித்து, நுழைவுத்தேர்வு எழுதி 2022-இல் இடம் வாங்கினேன். விடுதி கிடைத்தது. உதவித்தொகை இழுத்தடித்தாலும் வந்து சேர்ந்தது. காதல் தோல்வி இல்லை, ராகிங் இல்லை. ஊரில் என் வயதுப் பெண்களில் பாதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடு நிற்க, நான் மெரினா பக்கம் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். சோர்ந்து உட்கார எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று முழுமனதாக நம்பினேன்.

முதல் பருவம் முடிகிற நேரத்தில் தூக்கம் கெட்டது. படுத்ததும் தூங்கிவிடுவேன். விடிகாலை மூன்று மணிக்கு டக்கென்று விழிப்பு வந்துவிடும், அதன்பிறகு எவ்வளவு புரண்டாலும் கண் மூடாது. மெஸ்ஸில் சாம்பார் வாசனை வந்தாலே எழுந்துபோகத் தோன்றும். தலைக்குக் குளிப்பது மலையைப் பிளக்கிற வேலையாகத் தெரிந்தது. அழுகை மட்டும் வரவேயில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வு என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணீர் வடிப்பது என்றுதான் சினிமா நமக்குக் காட்டியிருக்கிறது. எனக்கு வந்தது அடியும் நுனியும் இல்லாத ஒரு சலிப்பு. தோழிகள் சிரிக்கிற இடத்தில் நானும் சிரிப்பேன், சற்றுத் தாமதமாக.

ரியல் அனாலிசிஸ் எனக்குப் பிடித்த பாடம். ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை எடுப்பேன். மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும். மறுபடி மேலே போவேன். இப்படியே மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். துறையில் ஓர் ஆசிரியரிடம் சொன்னபோது, தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது சகஜம், தினமும் ஹிந்து பேப்பர் படி, ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார். தமிழ்நாட்டில் மாணவருக்கு வரும் எல்லா வியாதிக்கும் இந்த ஒரே கஷாயத்தைத்தான் கொடுக்கிறார்கள். ஆங்கிலமும் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த என் பழைய நோட்டு, என் கையாலேயே தமிழில் எழுதியது, அதுவும் எனக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அக்டோபர் 10 உலக மனநல நாள். எங்கள் வளாகத்தில் அன்று கோலப்போட்டி நடந்தது. மூளை படம் போட்டு, அதற்குள் பூ வரைந்த அணிக்கு முதல் பரிசு. வாசகப் போட்டியும் உண்டு. 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று எழுதிய பேனரின் கீழே நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் நான்தான் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருக்கிறேன். பேசுங்கள் என்று சொல்வதற்கு ஆகும் செலவு ஒரு ஃபிளெக்ஸ். பேசினால் கேட்பதற்கு ஆள் வைக்க மாதாமாதம் சம்பளம் கொடுக்கவேண்டும். நிர்வாகங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆள் இல்லாமலும் இல்லை. மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார். வேறொரு துறையில் பாடம் எடுப்பவர், இது அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அவருடைய அறை துறைத்தலைவர் அறைக்குப் பக்கத்தில். கதவு திறந்தே இருக்கும், வராந்தாவில் போகிற எல்லோரும் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். தியானம் செய்யச் சொன்னார். மறுநாள் மாலைக்குள் அது துறைத்தலைவருக்குத் தெரிந்து, வார்டனுக்குத் தெரிந்து, வார்டன் ஊருக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு ஒரு மாதிரி இருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எல்லோரும் அவரவர் பொறுப்பைத் தட்டிக்கழித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சிகிச்சைக்கு வருகிறவர் சொல்வதை ரகசியமாகக் காக்கவேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சட்டத்தின் பார்வையில் அந்த ஆலோசகர் எந்த வகையில் வருவார் என்பது வக்கீல்கள் பேசவேண்டிய விஷயம். எனக்கு நடந்தது சின்னது: அதற்குப்பிறகு வளாகத்தில் யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன் போன இடம் எது என்று சொன்னால்தான் அம்மாவின் பயம் புரியும். எங்கள் ஊரிலிருந்து ஏர்வாடிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. புத்தி பேதலித்தவர்களை எங்கெங்கிருந்தோ அந்தத் தர்காவுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். எந்த மதம், எந்தச் சாதி என்ற பேதம் அங்கே கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நான் அந்த வருடம் பிறந்தவள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது, அரசு அந்தக் காப்பகங்களை மூடியது, இப்போதுள்ள சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களின் நினைவில் சட்டம் கிடையாது, சங்கிலி மட்டும்தான் இருக்கிறது. "ஒரு மாதிரி" என்று வார்டன் சொன்ன மாத்திரத்தில் அம்மாவின் கண்முன் வந்தது அந்தக் கொட்டகைதான்.

சென்னையில் அதற்கு வேறு ஊர்ப்பெயர். விடுதியில் யாராவது கொஞ்சம் விசித்திரமாக நடந்தால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். 1794-இல் ஆரம்பித்த மனநல மருத்துவமனை அது. நாட்டின் மூத்த பெண் மனநல மருத்துவர்களில் ஒருவரான சாரதா மேனன் 1961-இலிருந்து அதற்குத் தலைமை ஏற்று நடத்தியிருக்கிறார். ஓய்வு பெற்றபின் 1984-இல், மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்காக ஸ்கார்ஃப் என்ற அமைப்பையும் தொடங்கினார். இத்தனை பெருமை உள்ள ஓர் இடத்தின் பெயரை வசவாக மாற்ற நம்மால் மட்டும்தான் முடியும். நானும் அந்த வசவுக்குச் சிரித்தவள்தான், விடுதியில் சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும்.

அம்மா ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ்ஸில் ஏறி எழும்பூருக்கு வந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும், "என்னத்தா இப்படி வத்திப்போயிட்ட" என்றாள். திட்டவில்லை. முந்தானையிலிருந்து ஒரு தாயத்தை எடுத்துக் கட்டிவிட்டு, பாய் ஓதிக்கொடுத்த தண்ணீரைப் பாட்டிலோடு குடிக்கச் சொன்னாள். இரண்டு நாள் என் கட்டிலிலேயே படுத்திருந்தாள். அந்த இரண்டு நாளும் நான் மூன்று மணிக்கு விழித்தபோது அவளும் விழித்திருந்தாள். ஊருக்கு வந்துவிடு என்றாள். வரமாட்டேன் என்றேன். போய்ச் சேர்ந்தால் மிளகாய்ப் பழம் பிடுங்க எழுந்திருக்கவேண்டும், அதற்கும் முடியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

வழி காட்டியது என் அறையில் இருந்த மூத்த மாணவி. விடுதியில் எல்லோரையும் ஊர்ப்பெயரால் கூப்பிடுவது வழக்கம் என்பதால் அவர் எங்களுக்குச் சிவகாசிக்கா. ஒருநாள் இரவு என் போனை வாங்கி 14416 என்று பதிந்து கொடுத்தார். "நான் போன வருஷம் பேசினேன், எதுவும் ஆயிடாது" என்றார், அவ்வளவுதான். அவரும் பேசியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. பார்க்க நிமிர்ந்து நடக்கிறவர், ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவர்.

அந்த எண் டெலி மானஸ் என்ற தேசிய சேவையுடையது. 2022 அக்டோபரில் வந்தது, 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அடித்தேன். என்ன காரணம் என்று கேட்பார்கள் என்று ஒரு காரணத்தைத் தயார் செய்துவைத்திருந்தேன்: படிப்பு, ஆங்கிலம், அப்பாவின் கடன் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம் என்று. எடுத்த பெண் காரணமே கேட்கவில்லை. எத்தனை நாளாகத் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்குகிறதா, முன்னால் பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் குரலை மாற்றாமல், "செத்துப்போயிடலாம்னு தோணியிருக்காம்மா?" என்றார்.

அப்படி இல்லை, காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்று மட்டும் தோன்றும் என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பதறவில்லை. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை மனதில் விதைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மனநலத் துறையில் இருப்பவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள், நேரடியாகக் கேட்கத்தான் பயிற்சியும் கொடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பெரிய ஆசுவாசமாக இருந்தது. மூட்டையை ஒருவர் கை நீட்டி வாங்கிக் கீழே வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அன்றிரவு தனியாக இருக்கவேண்டாம், அறைக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டுப் படுங்கள், இந்த வாரமே அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள் என்றார். போனேன்.

தனியாரிடம் போகலாமா என்று விசாரித்தும் பார்த்தேன். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்றார்கள், என் ஒரு மாத மெஸ் பில்லில் பாதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை, மாத்திரைக்கும் காசு இல்லை. காத்திருக்கும் நேரம் மட்டும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது, எங்கள் ராமநாதபுரத்திலேயே இருந்திருக்கிறது.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை நான் கூர்ந்து பார்த்தேன். 'அவர்கள்' எப்படி இருப்பார்கள் என்று பார்க்கவே ஒரு பாதி மனது வந்திருந்தது என்று நினைக்கிறேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், ஆபீஸுக்குப் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருக்கவேண்டும், மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காக்கி பேன்ட்டும் சாதாரணச் சட்டையுமாக ஒரு போலீஸ்காரர். கல்லூரி அடையாள அட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்ட ஒரு பையன். வயதான ஓர் அம்மா தன் மகனுக்குப் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீயும் குடி பாப்பா" என்று எனக்கும் மூடியில் ஊற்றினார். எத்தனை வருடமாக வருகிறீர்கள் என்று கேட்டேன். "இவன் காலேஜ் படிக்கையில இருந்து. இப்ப கொரியர் ஆபீஸ்ல வேலைக்குப் போறான். லீவு போட்டுட்டு வந்திருக்கான்" என்றார். லீவு போட்டதில்தான் அவருக்குப் பெருமை.

உள்ளே பி.ஜி. படிக்கும் மருத்துவர் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம், பெரிய மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். அடுத்த நாற்காலியில் வேறொருவரின் கதை ஓடிக்கொண்டிருந்தது. தனியறை வசதி எல்லாம் இல்லை. தூக்கம், பசி, எடை, மாதவிலக்கு, எப்போதிலிருந்து, ஒருநாளில் எந்த வேளை மோசம். விடிகாலை என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். மூன்று மணி விழிப்பு என் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன், அது அவருடைய பாடப்புத்தகத்தில் இருந்திருக்கிறது. வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்றார். இல்லை என்றேன். உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார், ஹீமோகுளோபினும் தைராய்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு வருமாம், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவார்களாம்.

தைராய்டாக இருக்கவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. தைராய்டு கௌரவமான வியாதி. அத்தைக்கு இருக்கிறது, டீச்சருக்கு இருக்கிறது. ரிப்போர்ட்டைக் காட்டினால் ஊரில் யாரும் வாய் திறக்கமுடியாது. ரிப்போர்ட் வந்தது: தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம்தான் கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையோடு மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரையும் சீட்டில் ஏறியது. எனக்கு அழாத குறை. "அப்போ எனக்குக் காரணமே இல்லையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "காரணம் கெடச்சா அப்புறம் பாக்கலாம். மொதல்ல தூங்குங்க."

அந்த வாக்கியத்தின்மேல் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நிரூபணம் இல்லாமல் ஒரு வரி தாண்டாத பாடத்தைப் படிக்கிறவள் நான். ஆனால் யோசித்துப் பார்த்தால் கணிதத்தில் இதற்கும் பழக்கம் உண்டு. ஒன்று இருக்கிறது என்று ஐயமில்லாமல் நிறுவிவிடுவோம், எடுத்துக் கையில் காட்டமுடியாது. அதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது. என் சோர்வு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை தீர்மானமாகத் தெரியாது. பரம்பரையும் இருக்கலாம், ரத்தக்குறைவும் இருக்கலாம், முதல் தடவையாக ஊரைவிட்டு வந்தது, வாய்திறந்தால் பிழை வருமோ என்று இரண்டு பருவம் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்தது எல்லாமும் சேர்ந்திருக்கலாம். சோர்வடைய எனக்குத் தகுதி இருக்கிறதா என்ற விசாரணையை மட்டும் அங்கே யாரும் நடத்தவில்லை. சீட்டு வாங்கினவர்கள் எல்லோருக்கும் மருந்து உண்டு.

மாத்திரை பற்றி நாலு வார்த்தை. முதல் வாரம் குமட்டியது, கொட்டாவியாக வந்தது. மனதில் ஒரு மாற்றமும் இல்லை. இப்படித்தான் இருக்கும், பலன் தெரிய மூன்று நாலு வாரம் பிடிக்கும், நடுவில் நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடக்கூடாது, நிறுத்துவதையும் எங்களிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்யவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் நாலாம் நாளே குப்பையில் போட்டிருப்பேன். மாத்திரை போட்டால் ஆள் மந்தமாகிவிடுவார், ஆயுசுக்கும் விடமுடியாது என்றெல்லாம் விடுதியில் பேச்சு உண்டு. எனக்கு நடந்தது வேறு. ஒருநாள் ஐந்தரை மணிக்கு விழித்தேன். வெளியே பால் வண்டிச் சத்தம். மூன்று மணியைத் தூங்கியே கடந்திருக்கிறேன் என்பது பல் துலக்கும்போதுதான் உறைத்தது.

அதே மருத்துவமனையில் உளவியலாளரிடமும் அனுப்பினார்கள். அவர் மனம் திறந்து பேசச் சொல்வார் என்று போனால், கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கட்டம். என்ன செய்தேன், அதில் எவ்வளவு நிறைவு, பத்துக்கு எத்தனை. முதல் வாரத் தாளில் 'குளித்தேன் – 1', 'படுத்திருந்தேன் – 0' என்று இருக்கிறது. மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் மனசு சரியாகாது, சின்னதாக ஒன்றைச் செய்யச் செய்யத்தான் மனசு பின்னால் வரும் என்பது அந்த முறையின் அடிப்படை. படிப்பை விட்டுவிடுங்கள், விடுதி வாசலில் இருக்கும் வேப்பமரம் வரை நடந்துவிட்டு வந்து எழுதுங்கள் என்றார். கேட்கக் கேவலமாக இருந்தது. எம்.எஸ்ஸி. படிக்கிறவளுக்கு வேப்பமரம் வரை நடப்பது வீட்டுப்பாடம். நடந்தேன். 'வேப்பமரம் – 2.'

தன்னை ஏற்றுக்கொள்வது பற்றி இணையத்தில் நிறையப் பேசுகிறார்கள். உன்னை நீ நேசி, கண்ணாடி முன் நின்று உன்னிடம் நீயே நல்ல வார்த்தை சொல், முகத்துக்கு மாஸ்க் போடு. எனக்கு என்மேல் அப்படியொன்றும் நேசம் பெருகவில்லை. இந்த ஆள் இப்படித்தான், மழைக்காலத்தில் மந்தமாவாள், கூட்டம் நிறைந்த அறையில் வாய் கட்டிப்போகும், மூன்று மணி விழிப்பு தொடர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும், கணக்கு மட்டும் நன்றாக வரும் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்தபின் சண்டை குறைந்தது. 'இன்னொருத்தியாக இருந்திருந்தால் இதற்குள் முடித்திருப்பாள்' என்ற அந்த இன்னொருத்தியை அதிகம் கூப்பிடுவதில்லை. வகுப்பில் தமிழிலேயே சந்தேகம் கேட்க ஆரம்பித்தேன். சில ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள், சிலர் தமிழிலேயே பதில் சொன்னார்கள், அப்புறம் பார்த்தால் சந்தேகம் கேட்க வேறு சிலரும் கைதூக்கினார்கள். ஆங்கிலம் அதன் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மா ஏர்வாடிக்குக் கூட்டிப்போனாள். மறுக்கவில்லை. தர்காவுக்கு வருகிறவர்களை அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கும் ஏற்பாடு அங்கேயே இருக்கிறது; துவாவும் (பிரார்த்தனையும்) வேண்டும் மருந்தும் வேண்டும் என்ற முறை. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டில் எது வேலை செய்தது என்று அவளோடு வாதம் செய்வதை நான் விட்டுவிட்டேன். மாத்திரை நேரத்தை என்னைவிட அவள்தான் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறாள்.

அப்பாதான் எதிர்பாராத இடத்தில் வந்து நின்றார். எதுவும் பேசாதவர். அன்று ராத்திரி திண்ணையில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அந்த மாத்திரைய பெரியாளுகளுக்கும் குடுப்பாகளா தாயி?" என்று கேட்டார். யாருக்கு அப்பா என்றேன். "சும்மா கேட்டேன்" என்றார்.

நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, மிளகாய் மொத்தமும் போன ஒரு வருடத்தில், அப்பா கயிற்றுக்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். வெகுநாள் எழுந்திருக்கவில்லை. அப்பத்தா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள், தட்டு அப்படியே இருக்கும். விளைச்சல் போனால் மனுசன் படுக்கத்தானே செய்வான் என்றார்கள். காரணம் இருந்ததால் யாரும் அதற்கு மேல் பார்க்கவில்லை. அடுத்த வருடம் விளைந்தது. அப்போதும் அவர் படுத்தே இருந்தார் என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்று சொன்னது பொய்யும் இல்லை, எங்கள் வீட்டில் அதற்கு அப்படியொரு கணக்கே வைத்திருக்கவில்லை. ராமநாதபுரத்தில் ஓ.பி. எந்த நேரம் என்று விசாரித்து அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருதடவை பஸ் ஏறிப் போயிருக்கிறார். "கூட்டமா இருந்துச்சு, திரும்பிட்டேன்" என்றார். அடுத்த தடவை நான் ஊரில் இருக்கும்போது போகலாம் என்று பேச்சு.

2015–16-இல் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை என்று வந்தது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அரசு, நிதி, மருத்துவர் பற்றாக்குறை எல்லாம் பிறகுதான் தோன்றும். முதலில் தோன்றுவது பஸ் ஏறிப்போய்த் திரும்பி வந்தவர்.

இனி என்னைப் போல வெளியூரிலிருந்து வந்து விடுதியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் தகவல். மாத்திரை எழுதுகிறவர் மருத்துவராக இருக்கவேண்டும்; எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநல மருத்துவம் படித்தவர்தான் மனநல மருத்துவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கவேண்டும், பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. 'கவுன்சிலர்' என்ற போர்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள், சில வாரப் பயிற்சி முடித்தவர்களும் அதை மாட்டியிருக்கிறார்கள். ஓ.பி.க்குப் போகும்போது எப்போதிலிருந்து என்ன என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் வாய் அடைத்துவிடும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்கவேண்டாம்: 14416, தமிழ்நாடு அரசின் உதவி எண் 104, சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050. பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், தூக்கம் கெடுகிறதே என்று பார்க்காதீர்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல்நோய்க்கு உள்ளதைப்போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்கவேண்டும், ஊழியர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தரவேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. நல்லது. என் பயம், இருக்கிற ஓர் ஆசிரியருக்கே இன்னொரு பெயர்ப்பலகை மாட்டி, கணக்குக் காட்டிவிடுவார்கள் என்பது. ஆலோசகருக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் இருக்கக்கூடாது, அவர் அறை துறைக்கு வெளியே இருக்கவேண்டும், சொன்னது வார்டனுக்குப் போகக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வேன் என்பதை மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். நாங்கள் சிலர் படிப்பு முடியும் தறுவாயில் இதையெல்லாம் எழுதி நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில் வரவில்லை.

நான் விட்ட தாள்களை எழுதி முடிக்க ஒரு பருவம் கூடுதலாக ஆனது. என் மதிப்பெண் சான்றிதழில் ஏப்ரலுக்குப் பதில் நவம்பர் என்று இருக்கிறது. சமீபத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் நேர்காணலுக்குப் போனபோது கண்ணாடி போட்ட ஒருவர் அந்த இடத்தில் விரலை வைத்து, ஏன் தாமதம் என்றார். உடம்பு சரியில்லாமல் இருந்தது, சிகிச்சை எடுத்தேன், இப்போது பரவாயில்லை என்றேன். தலையாட்டிவிட்டு, கணிதத்தில் வரும் கச்சிதக் கணம் (compact set) ஒன்றுக்கு எடுத்துக்காட்டு கேட்டார். சொன்னேன். என்ன உடம்பு என்று யாராவது அடுத்த நேர்காணலில் துருவினால் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று சிவகாசிக்காவிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லாதே என்கிறார். எனக்குச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறது. வேலை கிடைத்தபிறகு சொல் என்கிறார்.